பின்தொடராதவை

செஞ்சேரிமலைப் பக்கம், ஐப்பசித் தூறல் விட்ட காலை.
மருந்துத் தண்ணீரில் பூட்ஸை முக்கிவிட்டு
கொட்டகைத் தாழ்ப்பாளை இழுத்தேன்.
இரண்டாயிரத்து நூறு வான்கோழிகள்
ஒரே தொண்டையாய்க் கத்தி
ஒரே தொண்டையாய் நிறுத்தின.
"டாக்டரம்மாவுக்கு வணக்கம் சொல்லுதுங்க" என்றார் சென்னியப்பன்.
கோவைக்கும் ஊட்டிக்கும் கிறிஸ்துமஸ் லாரி ஏற
இன்னும் முப்பத்தெட்டு நாள்.

கொட்டகையை நீளவாக்கில் நான்கு பட்டையாய்ப் பிரித்து
ஒவ்வொன்றிலும் ஒருமுறை மெல்ல நடப்பது.
அவ்வளவுதான் வேலை.
கையில் அட்டை, அட்டையில் கட்டங்கள்:
நொண்டுவது, எழாதது, முதுகில் இறகற்றது,
தலையில் காயம், வாலில் காயம், செத்தது.
கண்ணில் பட்டதற்கு ஒரு கோடு,
ஐந்தாவது கோடு குறுக்கே.

ஆனால் வான்கோழி,
பார்க்க வந்தவரைப் பார்க்க வரும் பறவை.
பிராய்லர் விலகி ஓடும். இது நெருங்கி வரும்.
சட்டைப் பொத்தானை, பேனா மூடியை,
பூட்ஸில் ஒட்டிய தேங்காய் நாரைக் கொத்திப் பார்க்கும்.
பத்தடி போவதற்குள் பின்னால் ஒரு ஊர்வலம்,
மூக்கின் மேல் தொங்கும் சதை நீண்டு சுருங்கிக்கொண்டு,
தலைகள் நீலத்திலிருந்து சிவப்புக்கு ஏறிக்கொண்டு.
வேலைக்குச் சேர்ந்த வருடம் அந்த ஊர்வலத்தையே
திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
வருபவற்றுக்குக் கால் இருக்கிறது, ஆசை இருக்கிறது.
முன்னால், நான் கிட்டே போயும்
வராமல், விலகாமல் இருப்பவைதான்
என் கணக்கு.

இரண்டாவது பட்டையில்
தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி நார்க்கழிவு களியாய்க் கிடந்தது.
கண் கரித்தது. ஒன்றைத் தூக்கிப் பாதத்தைத் திருப்பினேன்.
நடுவில் கருப்பாய், ஒரு ரூபாய்க் காசளவு.
"தொட்டி ஒழுகுதுங்க. ஆளுக்குச் சொல்லியிருக்கறனுங்."
எப்போது?
"போன செவ்வாய்க்கு முந்துன செவ்வாய்."

மூன்றாவதில் எழுத ஒன்றுமில்லை.
கிழக்குப் படுதாவின் கிழிசல் வழியே
ஒரு முழ வெயில் உள்ளே விழுந்திருந்தது.
அந்த வெயிலில் ஏழெட்டு,
ஒரு காலை நீட்டி, ஒரு சிறகைத் திறந்து போட்டு,
புழுதியை மேலே வாரி இறைத்துக்கொண்டு.
அட்டையில் கோடு விழவில்லை.

நான்காவதின் கடைசியில்
கவிழ்த்து வைத்த பிளாஸ்டிக் கூடை.
அடியில் ஒன்று, இடுப்பு சரிந்து.
பக்கத்தில் டப்பா மூடியில் தண்ணீர்.
கூடையை வைத்தது மினோத்தி பிரதான்,
பாலங்கீரிலிருந்து புருஷனோடு வந்தவள்.
மற்றவை கொத்திவிடும் என்று கையாலேயே கொத்திக் காட்டினாள்.
எத்தனை நாள்?
மூன்று விரல் நீட்டினாள்.

"இன்னைக்கு வெள்ளிக்கிழமைங்களே அம்மணி.
நாளைக்குப் பாத்துக்கலாமுங்."
அதுக்கு வெள்ளி சனி தெரியாதுங்க, என்றேன்.
சென்னியப்பன் வெளியே போய்
காற்றாலையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.
ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.
நீலத் தலை வெளுத்து அடங்கியது.
மினோத்தி கூடையைக் கழுவி வெயிலில் கவிழ்த்தாள்.
தண்ணீர் மூடியை என்ன செய்வதென்று தெரியாமல்
கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தாள்.

கையெழுத்துப் போடும் முன்
சென்னியப்பன் கட்டம் கட்டமாய் விரலை ஓட்டினார்.
"நல்லா இருக்கறதுக்கு ஒரு கட்டம் இல்லீங்களா?"

இல்லை.
அட்டையைப் பின்பக்கம் திருப்பி எழுதினேன்:
கிழக்குப் படுதாக் கிழிசல். தைக்க வேண்டாம்.

எழுத்துக்கூட்டி வாசித்தார்.
"சாரலடிச்சா நார் நனையுமுங்களே?"

நனையும்.
நனைந்தால் பாதம் கருக்கும்.
அழிப்பதா விடுவதா என்று நின்றேன்.
பேனா மூடியை
ஒன்று விடாமல் கொத்திக்கொண்டிருந்தது.